தட்டைத் திருப்பிப் போடுவது யார்?
‘பாகம் 1’, ‘பாகம் 2’ குறித்துச் சில குறிப்புகள்

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டு ஆரம்பிக்கும். இரண்டரை, மூன்று நிமிஷம் ஓடும். பாதியில் அறுந்து நிற்கும், அல்லது சத்தம் தேய்ந்து மறையும். எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கத்தில் மிச்சப் பாட்டு. லேபிளில் ‘பாகம் 1’, ‘பாகம் 2’ என்று அச்சடித்திருப்பார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: ஒரு பக்கத்தில் இடம் இல்லைங்க, அதான். இசைத்தட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ‘அதான்’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எந்தப் பாட்டு வெட்டப்பட்டது, எங்கே வெட்டப்பட்டது, வெட்டுக்கு அப்புறம் வந்த பாதியில் என்ன நடந்தது, அந்தப் பாதிக்குக் காசு யார் கைக்குப் போனது என்ற கேள்விகள் தொழில்நுட்பக் கேள்விகள் அல்ல. வெட்டு என்பது அதிகாரம் தொட்ட இடம். அதே இடத்தில்தான் வெட்டுப்பட்டவர்கள் தங்கள் வேலையையும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பர்களின் இசைத்தட்டுகளை வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

முதலில் பொருளைப் பற்றி. நிமிஷத்துக்கு 78 தடவை சுழலும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். இது உண்மையிலேயே இடப் பற்றாக்குறை. அந்தத் தட்டு எதனால் ஆனது? அரக்கு. பலாச மரத்திலும் குசும மரத்திலும் அரக்குப் பூச்சி விடும் பிசின். உலகத்துக்குப் போன அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, குறிப்பாகச் சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்து ஆதிவாசிகள் சுரண்டி எடுத்துக் கொடுத்தது. கரோலின் பாட்டுக்காரனும் மிசிசிப்பி பாட்டுக்காரனும் பதிந்தது அந்தப் பிசின் கலந்த தட்டில்தான். இசையின் வரலாற்றில் இந்தக் கைகளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. இருக்கட்டும்.

நம் ஊரிலும் பாகம் பிரித்த தட்டுகளுக்குக் குறைவில்லை. 1930-களில் புராண நாடகங்களைப் பல தட்டுகளாக வெட்டி ‘நாடக செட்’ என்று விற்றார்கள். கர்நாடக சங்கீத வித்வான்கள் மணிக்கணக்கில் விரிக்கும் ராகத்தை மூன்று நிமிஷத்துக்குள் மடித்துக் கொடுத்தார்கள். தட்டில் வருவது குறைப்பட்ட சங்கீதம் என்ற முணுமுணுப்பு அப்போதிருந்தே உண்டு. அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு வசதியும் இருந்தது. தட்டு குறைப்பட்டால் என்ன, முழுசு சபாவில் கிடைக்கும். முழுமையை வைத்துக்கொள்ள மண்டபம் இருந்தவர்கள் அவர்கள். தட்டுக்கு வெளியே தன் முழுமையைப் பத்திரப்படுத்த மண்டபமோ, புரவலரோ, எழுதிவைக்கும் விமரிசகரோ இல்லாத ஒருத்தனின் பாட்டு வெட்டப்படும்போது கதை வேறு. அவனுக்குத் தட்டில் இருப்பதுதான் இருப்பு.

1920-ல் மேமி ஸ்மித்தின் ‘கிரேஸி ப்ளூஸ்’ விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் கறுப்பர்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்குத் தெரிந்தது. உடனே ‘இன இசைத்தட்டுகள்’ என்று தனி வரிசை, தனி எண்கள், தனி விளம்பரம். பாட்டை மட்டுமல்ல, பிரசங்கத்தையும் தட்டில் ஏற்றினார்கள். 1927-ல் ஏ. டபிள்யூ. நிக்ஸ் என்ற போதகர் நரகத்துக்குப் போகும் ரயிலைப் பற்றிப் பண்ணிய பிரசங்கம் இரண்டு பாகமாக வந்தது. வண்டி ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிற்கும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு வகைப் பாவி ஏறுவான். நன்றாக விற்றது. அடுத்தடுத்த வருஷங்களில் 3, 4 என்று பாகங்கள் நீண்டன. பாவிகளுக்கா பஞ்சம்? வெட்டுப்படுவதற்குத் தோதான வடிவத்தைப் போதகர் கண்டுபிடித்துக்கொண்டதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ரயில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

இனி சார்லி பாட்டன். மிசிசிப்பி டெல்டாக்காரன், பருத்தித் தோட்டங்களில் வளர்ந்தவன். 1929-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் கிராஃப்டன் என்ற சின்ன ஊரில் பாரமவுண்ட் கம்பெனிக்காக ‘ஹை வாட்டர் எவ்ரிவேர்’ என்று ஒரு பாட்டைப் பதிந்தான். பாகம் 1, பாகம் 2. இந்தப் பாரமவுண்ட் கம்பெனிக்குத் தாய்க் கம்பெனி எது தெரியுமா, நாற்காலிக் கம்பெனி. கிராமபோன் பெட்டிகள் செய்து விற்றார்கள், பெட்டி வாங்கினவனுக்குப் போடத் தட்டு வேண்டுமே என்று தட்டும் அடித்தார்கள். மட்டமான தட்டு, புதுசிலேயே இரையும்.

பாட்டு 1927 வெள்ளத்தைப் பற்றியது. அந்த வருஷம் ஏப்ரல் 21-ல் மவுண்ட்ஸ் லாண்டிங் என்ற இடத்தில் மிசிசிப்பி ஆற்றின் வெள்ளத் தடுப்புக் கரை உடைந்தது. ஆறு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். கிரீன்வில் நகரத்தில் ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் எஞ்சி நின்ற கரைமேட்டின்மேல் ஒண்டிக்கிடந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போகப் படகுகள் வந்தன. வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போயின. கறுப்பர்கள் போய்விட்டால் திரும்பி வர மாட்டார்கள், பருத்தி எடுக்க ஆளிருக்காது என்பது தோட்ட முதலாளிகளின் கவலை. கரைமேடு முகாமானது. முகாமைச் சுற்றித் துப்பாக்கி. ரேஷன் வேண்டுமானால் உடம்பில் அடையாள அட்டை தொங்க வேண்டும், கரை கட்டும் வேலைக்கு வர வேண்டும். இயற்கைப் பேரிடர் என்று செய்தித்தாள் எழுதியதற்குள் இவ்வளவு இருந்தது.

பாட்டன் இதை எப்படிப் பாடுகிறான்? முதல் பாகத்தில் ஊர் ஊராகப் பேர் சொல்லிக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் ஓடுகிறான். எல்லாம் ஆற்றின் மிசிசிப்பிக் கரை ஊர்கள். மேட்டு நிலத்துக்குப் போய்விடலாம், ஆனால் அங்கே தனக்கு வழி மறித்திருக்கிறது என்று ஒரு இடம் வருகிறது. அறிக்கைகளில் சொல்லாத விஷயத்தை இரண்டு வரியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான். கிட்டார்ப் பெட்டியைக் கையால் மொத்தும் சத்தம் கூடவே வருகிறது. பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டால் இரண்டாம் பாகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆர்கன்ஸா மாநிலத்தில் நடக்கிறது. ஓடுகிறவனின் அவசரம் போய்விடுகிறது. இப்போது முங்கிப்போகிற குடும்பங்கள், பெண்கள், பிள்ளைகள். முதல் பாகத்தில் ‘நான்’ அதிகம். இரண்டாம் பாகத்தில் ‘நான்’ பார்த்துக்கொண்டிருக்கிறது, சனங்கள் சாகிறார்கள்.

ஒரே பாட்டு நீளம் போதாமல் இரண்டாகிவிட்டது என்று இதைச் சொல்ல முடியாது. தட்டுக்கு இரண்டு பக்கம் இருப்பதையும் ஆற்றுக்கு இரண்டு கரை இருப்பதையும் பாட்டன் ஒன்றாக்கியிருக்கிறான். திட்டமிட்டுத்தான் செய்தானா என்று யாராவது கேட்பார்கள். ஆசிரியனின் நோக்கத்தைத் தோண்டிக்கொண்டிருப்பதை நாம் விட்டுப் பல வருஷமாச்சு. பிரதியில் அது இருக்கிறது. வெட்டு அவனுக்குக் கொடுக்கப்பட்டது, கேட்டு வாங்கியதல்ல. கொடுக்கப்பட்ட வெட்டுக்குள் அவன் ஆற்றை ஓடவிட்டான். அவன் குரல் கரகரப்பில் சில வரிகள் என்னவென்று அமெரிக்கர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். பாரமவுண்ட் 1930-களின் தொடக்கத்தில் கடையைக் கட்டியது. மூல அச்சுகள் மிஞ்சவில்லை. யாரோ வீட்டில் தேயத்தேயப் போட்டுக் கேட்ட தட்டுகளிலிருந்துதான் இன்று நமக்கு இந்தப் பாட்டு கிடைக்கிறது. அதாவது, கேட்டவர்களின் தேய்மானத்தோடு சேர்த்துத்தான் கேட்கிறோம்.

இந்தக் கட்டம் வரை ‘இடம் இல்லை’ என்ற காரணத்தை ஒப்புக்கொள்ளலாம். 1948-ல் கொலம்பியா நீண்டநேரத் தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். 1949-ல் ஆர்சிஏ விக்டர் 45 சுழற்சிச் சின்னத் தட்டைக் கொண்டுவந்தது. நீண்ட தட்டு சிம்பொனிக்கும் ஆப்பராவுக்கும் போனது. சின்னத் தட்டு ஜூக்பாக்ஸுக்கும் வானொலிக்கும் கறுப்புப் பேட்டைகளுக்கும் போனது. சின்னத் தட்டிலும் ஆறேழு நிமிஷம் பதிய முடியும். 1950-களின் தொடக்கத்திலேயே அப்படிப்பட்ட தட்டுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. என்ன, நேரம் கூடக்கூட வரிகளை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும். சாராயக் கடை இரைச்சலில் ஜூக்பாக்ஸிலிருந்து சத்தம் குறைவாக வந்தால் வியாபாரம் ஆகாது. ஒரு காசு போட்டால் ஒரு பக்கம் ஓடும். இரண்டாம் பாகம் வேண்டுமா, இன்னொரு காசு போடு. பொருளின் எல்லை போய், சந்தையின் எல்லை வந்தாச்சு. பெயர் மட்டும் மாறவில்லை: ‘இடம் இல்லை.’

அந்தச் சந்தைக்குள் 1959-ல் ரே சார்ல்ஸ் நுழைகிறார். அதற்கு முந்தின டிசம்பரில் பென்சில்வேனியாவில் ஒரு நடன நிகழ்ச்சி. பாடவேண்டிய பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது, நேரம் மிச்சமிருக்கிறது. குழுவினரிடம் நான் போகிற போக்கில் வாங்க என்று சொல்லிவிட்டுப் பியானோவில் ஒன்றை ஆரம்பித்தார். ‘வாட்’ட் ஐ ஸே’ பிறந்தது இப்படி. பிப்ரவரியில் அட்லாண்டிக் கம்பெனி பதிந்தபோது பாட்டு தட்டுக்கு அடங்கவில்லை. டாம் டவுட் என்ற ஒலிப்பொறியாளர் கொஞ்சம் கத்தரித்து இரண்டு பாகமாக ஆக்கினார். பாட்டின் நடுவில் பொய்யாக ஒரு முடிவு வரும். வாத்தியம் நிற்கும், கூட இருப்பவர்கள் நிறுத்தாதே என்று கத்துவார்கள், மறுபடி ஆரம்பிக்கும். அதன் பிறகு நடப்பது பாட்டு என்ற சொல்லுக்குள் அடங்காது. அவர் ஒரு முனகல் கொடுப்பார், பெண்கள் அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். தேவாலயத்தில் போதகரும் சபையும் செய்வதைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டான் என்று பக்திமான்கள் கொதித்தார்கள். சில வானொலி நிலையங்கள் தடை போட்டன. ஒருத்தர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவது நமக்கும் தெரிந்ததுதான், நாற்று நடவிலிருந்து கும்மி வரைக்கும். வாங்கிப் பாட ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. சந்தை கொடுத்த மூன்று நிமிஷத்தோடு மோதுவது அந்த நேரம்தான்.

அதே வருஷம் ஐஸ்லி சகோதரர்களின் ‘ஷவுட்’ இரண்டு பாகமாக வந்தது. 1963-ல் வந்த ஸ்டீவி வொண்டரின் ‘ஃபிங்கர்டிப்ஸ்’ இன்னும் வேடிக்கை. சிகாகோவில் மேடையில் பதிந்தது. பதிந்தபோது பையனுக்கு வயது 12. முதல் பாகத்தைத்தான் கம்பெனி முன்பக்கத்தில் வைத்தது. வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டார்கள். இரண்டாம் பாகத்தில் பையன் முடித்துவிட்டுப் போகிறான், திடீரென்று திரும்பி ஓடி வருகிறான். அதற்குள் அடுத்த பாடகருக்கான பேஸ் கிட்டார்க்காரர் மேடையில் வந்து நிற்கிறார், ஒரு எழவும் புரியாமல் என்ன சுருதி என்று கத்துகிறார். அந்தக் கத்தல் தட்டில் இருக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது இந்தக் குழப்படிதான், ஒழுங்கான முதல் பாகம் இல்லை.

இந்த மூன்றிலும் பொதுவாக ஒன்று நடக்கிறது. முதல் பாகத்தில் ‘பாட்டு’ இருக்கிறது: வரிகள், மெட்டு, பாடகன். இரண்டாம் பாகத்தில் பாடகன் கரைந்து, கூட்டம் வந்துவிடுகிறது. பி பக்கத்தை நிரப்ப இன்னொரு பாட்டு பதிகிற செலவு மிச்சம் என்பது கம்பெனியின் கணக்கு. அந்தக் கணக்கின் ஓட்டையில்தான் கூட்டம் உள்ளே நுழைந்தது.

இப்போது 1965 ஜூலை மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் இரண்டு தட்டுகள் வந்தன. ஒன்று, பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’. ஆறு நிமிஷத்துக்கு மேல். கம்பெனியின் விற்பனைப் பிரிவு முணுமுணுத்தது, வானொலிக்கு அனுப்பிய பிரதிகளில் பாட்டை இரண்டு பக்கமாகப் பிளந்தும் வைத்தது. ஆனாலும் கடைக்கு வந்த தட்டில் முழுப்பாட்டும் ஒரே பக்கத்தில் இருந்தது. இன்னொன்று, ஜேம்ஸ் பிரவுனின் ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’. பிப்ரவரியில் வட கரோலினாவில் சார்லட் நகரத்தில் பதியப்பட்டது. ஏறத்தாழ ஏழு நிமிஷம். வேகத்தைக் கூட்டி, அதனால் சுருதியும் அரைப்படி ஏறி, இரண்டு பாகமாக வெட்டி வெளியிட்டார்கள். வெட்டியதில் மிச்சம் ஒன்று விழுந்தது. பதிந்த வேகத்தில் மூன்று பாகங்களையும் ஒன்றாகக் கேட்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டிலனைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. யாருடைய நீளம் ‘கவிதை’ ஆகிறது, யாருடைய நீளம் ‘இழுவை’ ஆகிறது என்பதுதான் கேள்வி. இதையும் ரொம்ப நேர்கோட்டில் கொண்டுபோக முடியாது. 1971-ல் டான் மக்லீன் என்ற வெள்ளைக்காரப் பாடகரின் எட்டரை நிமிஷ ‘அமெரிக்கன் பை’ பாட்டையும் இரண்டாக வெட்டித்தான் சின்னத் தட்டில் போட்டார்கள். பிரவுனோ வெட்டுப்பட்டதோடு நிற்கவில்லை. 1965-க்கு அப்புறம் அவர் பாட்டைக் கட்டும் விதமே மாறிவிட்டது. எங்கே வெட்டினாலும் உயிரோடு இருக்கிற பாட்டாகக் கட்டினார். கதை இல்லை, உச்சம் இல்லை, ஒரு தாளச் சுழல் மட்டும். அதில் ஒவ்வொரு வாத்தியமும், கிட்டார்கூட, டிரம் மாதிரி ஒரு அடி அடித்துவிட்டு ஒதுங்கும். 1967-ன் ‘கோல்ட் ஸ்வெட்’ இரண்டு பாகம், 1970-ன் ‘செக்ஸ் மெஷின்’ இரண்டு பாகம். போகப்போக ‘பாகம் 1’ என்பது அவருக்கு முத்திரை மாதிரி ஆகிவிட்டது.

ஜேம்ஸ் ஸ்னீட் என்ற கறுப்பு விமரிசகர் 1981-ல் கறுப்புக் கலாச்சாரத்தில் திரும்பச் செய்தலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஐரோப்பியக் கலாச்சாரம் திரும்பச் செய்வதை ‘முன்னேற்றம்’ என்ற கதையாடலுக்குள் ஒளித்துவைக்கிறது. கறுப்புக் கலாச்சாரம் அதை வெளிப்படையாகவே வைத்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். திரும்பத் திரும்ப வருவது அங்கேயே இருக்கும், நீங்கள் எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். இடையில் சட்டென்று அறுத்துத் தொடக்கத்துக்குப் போவதற்கு அவர் வைத்த பெயரே ‘வெட்டு’. உதாரணங்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரவுன். அடோர்னோவோடு இதை வைத்துப் பாருங்கள். 1934-ல் இசைத்தட்டின் வடிவம் பற்றி எழுதியபோது தட்டுக்கென்றே பிறந்த இசை என்று ஒன்று இல்லை என்றார். 1969-ல் நீண்ட தட்டு வந்ததால் ஆப்பராவைக் குறுக்கீடு இல்லாமல் கேட்கலாம் என்று சந்தோஷப்பட்டார். அந்த 35 வருஷத்தில்தான் தட்டின் வெட்டையே இலக்கணமாக்கிக்கொண்ட இசை உருவாகி உலகம் பூரா ஆடிக்கொண்டிருந்தது. பண்டமாதலைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எழுதிய மனுஷன் காதில் அது விழவே இல்லை. நம்மூர் மார்க்சியர்கள் வெகுஜன இசை என்றாலே அடோர்னோவை எடுத்து வீசுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்காகப் பிரவுனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடவும் முடியாது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நாலு மாதம் கழித்து, 1968 ஆகஸ்டில், கறுப்பு என்று உரக்கச் சொல்லிப் பெருமைப்படச் சொன்ன அந்தப் பாட்டைப் பதிந்தார். அதுவும் இரண்டு பாகம். அவர் பாதி சொல்வார், பிள்ளைகள் மீதியைக் கத்துவார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் கூட்டிவந்த அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பரே இல்லை என்று பிறகு அவரே சுயசரிதையில் சொன்னார். கறுப்பு என்பது தோலில் இல்லை, கத்துகிற இடத்தில் இருக்கிறது என்று இதைக் கட்டவிழ்த்துக் கட்டுரை எழுதலாம்தான். ஆனால் 1972 தேர்தலில் நிக்ஸனுக்கு ஆதரவு கொடுத்ததை எந்தக் கட்டவிழ்ப்பிலும் கழுவ முடியாது. தன் குழுவுக்குள் அவர் முதலாளி. ஒரு சுரம் தப்பினால் அபராதம், ஷூ பளபளக்கவில்லை என்றால் அபராதம். 1970 மார்ச்சில் சம்பளம் கேட்டுக் குழு முரண்டு பிடித்தது. பிரவுன் என்ன செய்தார்? சின்சினாட்டியிலிருந்து இளம் பையன்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார். அடுத்த மாதம் அந்தப் பையன்களை வைத்துத்தான் ‘செக்ஸ் மெஷின்’. நம் கால்களைத் தானாக ஆட்டுகிற அந்தத் தாளம் வேலைநிறுத்தத்தை உடைத்த தாளம். கேட்கும்போது இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அதே வருஷக் கடைசியில் பிரவுனின் குழு நைஜீரியா போனது. அங்கே ஃபெலா குட்டியின் மேடைக்கும் போய்ப் பார்த்தார்கள். ஃபெலாவிடம் இந்த இரண்டு பாக விவகாரம் தலைகீழாகிறது. அவர் பாட்டுகள் பத்து, பதினைந்து நிமிஷம், நீண்ட தட்டில் ஒரு பக்கம் முழுக்க ஓடும். 1975-ன் ‘கன்ஃப்யூஷன்’ தட்டின் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டது. குரல் வரவே பாதி நேரம் ஆகும். வானொலிக்கென்று குறுக்கவில்லை. 1977 பிப்ரவரி 18-ல் ராணுவம் அவர் வீட்டைக் கொளுத்தியது, அவருடைய தாயார் ஃபுன்மிலாயோவை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தது. அந்தத் தாயார், பெண்கள் வரிப்போராட்டத்தை நடத்தியவர், அடுத்த வருஷம் இறந்துபோனார். ராணுவத் தலைமையகத்துக்குச் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு போனதைப் பற்றிப் பின்னால் ஒரு பாட்டு வெளியிட்டார். இருபது நிமிஷத்துக்கு மேல். அதைக் குறுக்கிக் கொடு என்று யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். ஆனால் ஃபெலாவுக்குச் சொந்த மேடை இருந்தது, வாரத்துக்குப் பல இரவுகள் அதில் பாட முடிந்தது. பாட்டனுக்கு அது இல்லை. முழுமையைக் காப்பாற்ற இடம் வேண்டும் என்பது சபாவுக்கு மட்டுமில்லை, கலகக்காரனுக்கும் பொருந்துகிறது.

கடைசியாகக் காசு விஷயம். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் கண்ணுக்குப் பாட்டு என்றால் மெட்டும் வார்த்தையும். காகிதத்தில் எழுத முடிகிற சமாச்சாரம். இதுவரை சொன்ன கணக்கில் சட்டம் முதல் பாகத்தை மட்டும்தான் பாட்டாகப் பார்க்கிறது. இரண்டாம் பாகத்தில் நடந்ததெல்லாம், டிரம் அடித்தவன் அந்த நிமிஷத்தில் தன் கையால் கண்டுபிடித்ததெல்லாம், சட்டத்துக்கு வெறும் கூலி வேலை. ‘ஃபங்கி டிரம்மர்’ என்று ஒரு தட்டு, 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிந்தது, அடுத்த மார்ச்சில் இரண்டு பாகமாக வந்தது. பதிவின் பின்பாதியில் பிரவுன் மற்றவர்களையெல்லாம் நிறுத்திவிட்டு டிரம்காரரைத் தனியாக விடுகிறார். எட்டு சுற்று, இருபது விநாடி. கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் அடித்தது. பாட்டாசிரியர் பேர் ஜேம்ஸ் பிரவுன்.

இந்த மாதிரி இருபது விநாடிகளைத் தேடித்தான் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக் கறுப்பு, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் பழைய தட்டுகளைத் துழாவினார்கள். 1973 ஆகஸ்டில் ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடத்தில் தட்டு போட்டார். பாட்டைப் பற்றிக் கவலைப்படாமல் டிரம் தனியாக வரும் இடத்தில்தான் கூட்டம் ஆடுகிறது என்பதைக் கவனித்தார். இரண்டு டர்ன்டேபிள், ஒரே தட்டில் இரண்டு பிரதி. ஒன்றில் அந்த இடம் முடியும்போது இன்னொன்றில் அது ஆரம்பிக்கும். பத்து விநாடி பத்து நிமிஷம் ஆனது. வெட்டு கம்பெனியின் கையிலிருந்து கேட்கிறவன் கைக்கு வந்தது இங்கேதான்.

பின்னால் சாம்பிளிங் கருவிகள் வந்து ஸ்டபிள்ஃபீல்டின் அந்த அடி நூற்றுக்கணக்கான ராப் பாட்டுகளுக்குள் போனது. பப்ளிக் எனிமியின் 1989 பாட்டான ‘ஃபைட் த பவர்’ அதில் ஒன்று. அதிகாரத்தை எதிர்க்கச் சொல்லும் அந்தப் பாட்டுக்குள்ளும் அவருடைய உழைப்பு பேரில்லாமல்தான் இருக்கிறது. எதிர்ப்புக் கலாச்சாரமும் கூலி பாக்கி வைக்கும்.

இந்த இடத்துக்கு வந்ததும் நம்மில் சிலருக்குப் பறை ஞாபகம் வரும். வரட்டும். ஆனால் கறுப்பர் = தலித் என்று சமன்பாடு போட்டு முடித்துவிடுகிற அவசரம் வேண்டாம். 1972-ல் மகாராஷ்டிரத்தில் தலித் பேந்தர்கள் கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டது ஓர் அரசியல் முடிவு, ஒப்பீட்டு ஆய்வு அல்ல. ஸ்டபிள்ஃபீல்ட் சந்தையில் விலைபோன ஒரு கலைஞர். அவருக்குச் சேர வேண்டிய பங்கைச் சட்டத்தின் வரையறை மறுத்தது. சாவுக்குப் பறையடிக்கப் போனவரின் வேலையை வேலை என்றோ இசை என்றோ எண்ணவிடாமல் சாதிக் கடமை என்று ஆக்கியது வேறொரு ஏற்பாடு. அங்கே தட்டுக்கு விலை இருந்தது, கைக்கு இல்லை. இங்கே பறைக்கே தீட்டு. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, பறை மேடைக்கும் கேசட்டுக்கும் வந்த பிறகு அடித்தவர் பேர் அட்டையில் இருந்ததா, பாடியவர் பேர் மட்டும் இருந்ததா என்று நம் இயக்கங்களின் ஒலிநாடாக்களையே எடுத்துப் பார்க்கலாம். யாராவது செய்தால் நல்லது.

ஸ்டபிள்ஃபீல்ட் பிரவுன் குழுவைவிட்டு வெளியேறிய பிறகு விஸ்கான்சினில் மேடிசன் நகரத்தில் குடியேறினார். பாட்டன் வெள்ளத்தைப் பாடிய கிராஃப்டனிலிருந்து காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். உள்ளூர் விடுதியில் வாரத்துக்கு ஒரு நாள் வாசித்தார். சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தபோது காப்பீடு இல்லை. ஆஸ்பத்திரி பில்லைப் பாடகர் பிரின்ஸ் யாருக்கும் சொல்லாமல் கட்டியிருந்தார். 2016-ல் பிரின்ஸ் இறந்த பிறகுதான் ஸ்டபிள்ஃபீல்ட் அதை வெளியே சொன்னார். அடுத்த வருஷம் பிப்ரவரியில் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்த எட்டுச் சுற்றுக்குப் பாட்டாசிரியர் பேர் இன்னும் மாறவில்லை.